ஆளு ஒல்லி, ஆனா சுகர் பார்டர்ல: தொடையில மசில் ஏத்துறது எப்படி

கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் லேசா முன்னாடி வந்திருக்கும், ரிப்போர்ட் எடுத்தா சுகர் பார்டர்ல, ட்ரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு மேல. நம்ம ஆளுங்க கிட்ட இந்த காம்பினேஷன் ரொம்ப சகஜம். "வாக்கிங் போங்க, அரிசியக் குறைங்க"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க, அது தப்பில்ல, ஆனா பாதி வேலைதான். மீதி பாதி மசில்ல இருக்கு.

2004ல லான்செட் மருத்துவ இதழ்ல ஒரு போட்டோ வந்துச்சு. புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யட்கின், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. ரெண்டு பேருக்குமே பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேத்த எடைக் கணக்கு, 22.3. ஆனா உடம்புல கொழுப்பு எவ்ளோன்னு பாத்தா யட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. யட்கின் மாரத்தான் ஓடுறவரு, யாஜ்னிக்கோட எக்சர்சைஸ் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுறதுக்குள்ள ஓடிப் புடிக்கிறதுதான்னு அவங்களே கிண்டலா எழுதியிருந்தாங்க. அதனால வெயிட் மெஷின்ல நம்பர் நார்மலா இருக்குன்னு நிம்மதியா உக்காந்துடாதீங்க.

மசிலுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்னா, சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறுற குளுகோஸுக்கு பெரிய குடோனே மசில்தான். லிவர் சுமார் 100 கிராம் வச்சுக்கும், மசில் மொத்தமா 400, 500 கிராம் வரைக்கும் கிளைகோஜனா, அதாவது சேமிப்பு சர்க்கரையா, சேத்து வைக்கும். குடோன் சின்னதா இருந்தாலோ, உக்காந்தே இருந்து சரக்கு காலியாகாம கிடந்தாலோ, வர்ற குளுகோஸ் ரத்தத்துலயே சுத்தும், லிவர் ஒரு பங்கை கொழுப்பா மாத்தும். இன்னொரு நல்ல விஷயம், மசில் சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலே குளுகோஸை உள்ள இழுத்துக்கும். இன்சுலின் சரியா வேலை செய்யாதவங்களுக்கும் இந்த வழி நல்லாவே வேலை செய்யும், எக்சர்சைஸ் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் வரைக்கும் பலன் நிக்கும்.

ஒரு கட்டுக்கதைய மட்டும் ஒதுக்கிடலாம். மசில் ஏத்தினா சும்மா உக்காந்திருந்தாலே கொழுப்பு கரையும்னு ஜிம்காரங்க சொல்லுவாங்க, ஆனா ஒரு கிலோ மசில் ஓய்வுல ஒரு நாளைக்கு எரிக்கிறது சுமார் 13 கலோரிதான், ரெண்டு கிலோ ஏத்தினாலும் ஒரு இட்லிக்கு பத்தாது. லாபம் கலோரில இல்ல, சுகரை உள்ள இழுக்கிறதுல.

முதல்ல எங்க நிக்கிறோம்னு பாருங்க. இஞ்ச் டேப்பை இடுப்புல சுத்துங்க, வயித்த எக்கக் கூடாது. ஆம்பளைக்கு 90 செ.மீ., பொம்பளைக்கு 80 தாண்டினா கவனிக்கணும். அடுத்து சேர் டெஸ்ட், கைய நெஞ்சுல குறுக்கா கட்டிட்டு சேர்லேர்ந்து அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காருங்க, 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா கால்ல பலம் கம்மின்னு சந்தேகப்படலாம்னு ஆசிய டாக்டர்கள் குழுவோட 2019 கணக்கு சொல்லுது. இது வயசானவங்களுக்காக வச்ச கணக்கு, 40 வயசுல திணறினா யோசிக்க வேண்டியதுதான்.

எக்சர்சைஸ் வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் போதும், நடுவுல ஒரு நாள் கேப் விடுங்க. பெரிய மசில் தொடையிலயும் பின்பக்கத்துலயும்தான் இருக்கு, அதனால அங்கேர்ந்து ஆரம்பிங்க. பிளாஸ்டிக் சேரை சுவத்தோட ஒட்டிப் போடுங்க, இல்லன்னா வழுக்கிட்டு பின்னாடி போயிடும். பாதம் தோள் அகலத்துக்கு, குதிகால் தரைய விட்டு எழும்பக் கூடாது, மூணு எண்ணி மெதுவா இறங்குங்க, பின்பக்கம் சேரைத் தொட்டதும் பொத்துன்னு உக்காராம உடனே எந்திரிங்க. இறங்கும்போது மூச்சு உள்ள, ஏறும்போது வெளிய, தம் கட்டினா பிபி எகிறும். 10 தடவை, ரெண்டு நிமிஷம் ரெஸ்ட், இப்படி மூணு ரவுண்டு. கடைசி ரெண்டு மூணு தடவை கஷ்டமா இருக்கணும், அரட்டை அடிச்சுக்கிட்டே செய்ய முடியுதுன்னா ஸ்கூல் பேக்ல அஞ்சு கிலோ அரிசி பையைப் போட்டு நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்கிட்டு செய்யுங்க, அதுவும் ஈஸியானா இன்னும் ரெண்டு கிலோ. இப்படி எடைய கூட்டிக்கிட்டே போகலன்னா மசில் அங்கேயே நின்னுடும், ஒரே மாதிரி வருஷக்கணக்கா வாக்கிங் போறவங்களுக்கு தொடை ஏறாததுக்கும் இதான் காரணம். இதோட சுவத்துல கை ஊணி புஷ்-அப், அதே பையைக் குனிஞ்சு வயித்துப் பக்கம் இழுக்கிறது, மல்லாக்கப் படுத்து இடுப்பத் தூக்குறது, மொத்தம் அரை மணி நேரம்.

வாக்கிங்க விடாதீங்க, சாப்பிட்ட உடனே 10, 15 நிமிஷமா மாத்துங்க, அப்பதான் ஏறுற சுகரை கால் இழுத்துக்கும்.

சாப்பாட்டுல நமக்கு ஓட்டை புரோட்டீன்தான். ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட கணக்கு ஒரு நாளைக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 0.83 கிராம், மசில் ஏத்தணும்னா 1, 1.2 கிராம் வரைக்கும் போகலாம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 60லேர்ந்து 70 கிராம். காலைல நாலு இட்லி, மதியம் சாதம் சாம்பார் தயிர், ராத்திரி மூணு தோசைன்னு ஓட்டினா 40 கிராம் பக்கம்தான் வரும். சாம்பார்ல மேல நிக்கிற தண்ணிய ஊத்திட்டு பருப்பு சாப்பிட்டேன்னு கணக்கு எழுதாதீங்க. ரெண்டு முட்டை 12 கிராம், 100 கிராம் மீனோ சிக்கனோ 20க்கு மேல, ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல் 12, 13 கிராம், சைவக்காரங்க சோயா, பனீர் சேத்துக்கலாம். கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க டாக்டர் கிட்ட கேக்காம புரோட்டீனக் கூட்டக் கூடாது.

இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ எடுக்கிறவங்க எக்சர்சைஸ் ஆரம்பிச்சா சுகர் தடால்னு இறங்கலாம், டோஸ் பத்தி முன்னாடியே பேசிக்கோங்க, பாக்கெட்ல சர்க்கரை இருக்கட்டும். சுகரால கண்ணுல பிரச்சனைன்னு சொல்லியிருந்தா எடை தூக்குறதுக்கு முன்னாடி கண் டாக்டர் கிட்ட கேளுங்க, நெஞ்சு வலி வந்தா அங்கேயே நிறுத்துங்க.

பட்டினி கிடந்தோ எடை குறைக்கிற ஊசி போட்டோ வேகமா எடை எறக்கினா கொழுப்போட மசிலும் சேந்து போகும், அந்த நேரத்துலதான் சேர் எக்சர்சைஸும் புரோட்டீனும் ரொம்ப முக்கியம். டெங்கு மாதிரி காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சாலும் அப்படித்தான், கால் சும்மா இருந்தாலே சில நாள்ல தளந்துடும், பழைய எடையில ஆரம்பிக்காம பை இல்லாம சேர்லேர்ந்தே திரும்ப ஆரம்பிங்க. மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர் காட்டுற ரத்த டெஸ்ட்), இடுப்பு அளவு, சேர் டெஸ்ட் மூணையும் திரும்ப பாருங்க. வெயிட் மெஷின்ல நம்பர் அசையாமலே இடுப்பு ரெண்டு செ.மீ. குறைஞ்சிருந்தா சரியான ரூட்லதான் போறீங்க, பையில எடையக் கூட்டுங்க.