வெளிநாட்டில் இருப்பவருக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஏற்றுமதியாளர்களின் வீட்டு வாசலிலும் காட்பாடிப் பக்கத்து மருத்துவர்களின் கார் ஷெட்டிலும் ஒரு போர்டு மஸ்டாங்கையோ போர்ஷே கேமனையோ இப்போது பார்க்க முடிகிறது. ஆனால் அதை விற்க நினைக்கும்போது உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை. மாருதி ஸ்விஃப்ட் கார் என்றால் விளம்பரம் போட்ட அன்றே விசாரிப்பார்கள். இரண்டு பேர் மட்டும் வசதியாக உட்காரக்கூடிய, வேகத்தடையில் அடிப்பாகம் இடிக்கிற காருக்கு மாதக்கணக்கில் ஒரு போன் கூட வராது. அப்படிக் காத்திருக்கும் வேளையில் வெளிநாட்டு எண்ணிலிருந்து, "கார் இருக்கிறதா? நீங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப் செய்தி வந்தால் மனம் அதன் பக்கம் சாயத்தான் செய்யும். ஏமாற்றுகிறவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

முதல் தவறு அந்த நிமிடத்திலேயே நடந்துவிடுகிறது. "இவர் ஏன் இந்தக் காரை இங்கிருந்து வாங்க வேண்டும்?" என்ற கேள்வியை விற்பவர் தம்மிடம் கேட்டுக்கொள்வதில்லை. முழுதாகக் கட்டிமுடித்த நிலையில் இறக்குமதியாகும் கார்களுக்கு இந்தியா நீண்ட காலம் 60 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடு வரை அடிப்படைச் சுங்க வரி விதித்து வந்தது. அதன்மேல் மற்ற வரிகளும் சாலை வரியும் சேர்ந்ததால், ஒரே மாடல் பிற நாடுகளில் விற்கும் விலையைவிட இங்கே மிக அதிகமாகிவிடும். அந்த உயர்ந்த விலையின் அடியொற்றியே நாம் பழைய காருக்கும் விலை சொல்கிறோம். தம் ஊரில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும் காருக்கு வேலூர் விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து, கப்பல் கட்டணமும் அந்த நாட்டு இறக்குமதி வரியும் கட்ட ஒருவர் முன்வருகிறார் என்றால், அதற்கு அவர் ஒரு நம்பத்தக்க காரணம் சொல்லியாக வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கும். நம் கார்களுக்கு ஸ்டீயரிங் வலப்புறம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அத்தகைய காரை வழக்கமான பயன்பாட்டுக்குப் பதிவு செய்ய இயலாது. கென்யாவில் வலப்புற ஸ்டீயரிங் செல்லும், ஆனால் கார் 8 ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. சிங்கப்பூரில் அந்த வரம்பு, பொதுவாக, 3 ஆண்டு. அமெரிக்கத் தர விதிகளுக்கு ஏற்பத் தயாரிக்கப்படாத கார், 25 ஆண்டு கடந்த பிறகே அங்கே சிக்கலின்றி நுழையும். உண்மையாகவே வாங்க நினைப்பவர் தயாரிப்பு ஆண்டு, சேஸிஸ் எண், எந்த நாட்டுத் தரத்துக்குச் செய்யப்பட்டது, சர்வீஸ் பதிவு என்று தொல்லை தரும் அளவுக்குக் கேட்பார்; தம் சார்பில் ஒரு மெக்கானிக்கை அனுப்பிப் பார்க்கச் சொல்வார். இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் கேட்பவரோடு மேற்கொண்டு பேசுவது வீண் என்பது என் உறுதியான கருத்து.

நம் பகுதியில் உண்மையாக வரக்கூடிய வெளிநாட்டு வாங்குபவர் பெரும்பாலும் வேறு வகையினர். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிற, குடியாத்தத்திலோ வாணியம்பாடியிலோ வீடு உள்ள நம்மவர், விடுமுறைக்கு வரும்போது ஓட்டுவதற்காக வாங்குவார். கார் நாட்டை விட்டுப் போகாது. பணமும் கையெழுத்தும் மட்டுமே கடல் தாண்டி வர வேண்டியிருக்கும். இது எளிமையான விற்பனை போலத் தோன்றுவதாலேயே இதில் தவறுகள் மிகுதி.

அவற்றில் மிகப் பெரியது ரொக்கம். "என் மச்சான் சென்னையில் இருக்கிறார், மண்ணடிக்கு வந்தால் கையில் கொடுத்துவிடுவார்" என்று வாங்குபவர் சொல்வார். சொந்தக்காரர் வழியாக வந்த பேச்சு என்பதால் விற்பவரும் தலையாட்டிவிடுவார். வெளிநாட்டில் வசிப்பவரின் சார்பாக, அங்கீகாரம் பெற்ற வங்கி வழியாக அல்லாமல் இந்தியாவில் பணம் பெறுவதை 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் அந்தத் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. இது தவிர, ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. பெற்ற தொகைக்குச் சமமான தொகையை அபராதமாகக் கட்ட நேரும், அதையும் ரொக்கத்தைப் பெற்றவரே, அதாவது காரை விற்றவரே, கட்ட வேண்டும். கார் விற்றவருக்கு, வங்கிக்கு வெளியே நாடு விட்டு நாடு பணம் கைமாற்றுவதைக் குறிக்கும் ஹவாலா என்ற சொல்லே தெரியாமல் இருக்கலாம். சட்டம் அவர் கையில் வந்த பணத்தைத்தான் பார்க்கும். வெளிநாட்டு இந்தியர் இந்திய வங்கியில் தமக்குள்ள என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தோ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்குகள் இவை) வெளிநாட்டு வங்கியிலிருந்தோ நேரடியாக அனுப்பட்டும். அதற்கு ஓரிரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பணம் வந்த தடயத்தைப் பணம் என்று எண்ணுவது அடுத்த தவறு. வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் முறையின் ரசீது என்று வாங்குபவர் ஒரு படத்தை அனுப்புவார்: வங்கியின் சின்னம், இருபது வரி ஆங்கிலம், நம் பெயர், கணக்கு எண் எல்லாம் சரியாக இருக்கும். அதை யாரும் அரை மணி நேரத்தில் தட்டச்சு செய்துவிடலாம். "உங்கள் பணம் எங்களிடம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, கப்பல் நிறுவனத்துக்கு முன்பணம் கட்டிய சான்றை அனுப்பினால் விடுவிப்போம்" என்று பேபால் பெயரிலோ, இருவருக்கும் நடுவில் பணத்தைப் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ நிறுவனத்தின் பெயரிலோ மின்னஞ்சல் வருவதும் இதே வகைதான். விற்பவர் பணம் கட்ட வேண்டிய இடம் ஒரு விற்பனையில் வரவே வராது. கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பிவிட்டு, மீதியை ஷிப்பிங் ஏஜென்ட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்வது உலகெங்கும் பழகிப்போன மோசடி. வெளிநாட்டுக் காசோலை பணமாக வாரக்கணக்கில் ஆகும். கணக்கில் வரவு வைத்த பிறகும் காசோலை போலி என்று தெரிந்தால் வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். ஏஜென்ட்டுக்கு நாம் கொடுத்த மீதி திரும்பாது.

பணம் உண்மையாகவே வந்துவிட்டாலும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அனுப்பியவரின் பெயர் வாங்குபவரின் பெயர்தானா? இந்த இடத்தில் பலர் கவனக்குறைவாக இருப்பதைக் காணும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. பேசியது ஒருவர், பணம் வந்தது நான்கு ஐந்து தெரியாத கணக்குகளிலிருந்து என்றால், அது வேறு யாரிடமோ ஏமாற்றிப் பெற்ற பணமாக இருக்கக்கூடும். ஏமாந்தவர் எங்கோ ஒரு மாநிலத்தில் புகார் கொடுத்ததும் நம் கணக்கு முடக்கப்படும். காரும் போயிருக்கும், வீட்டுச் செலவுக்குப் பணம் எடுக்கவும் முடியாது. ஆகையால் வாங்குபவரின் பெயரில் உள்ள ஒரே கணக்கிலிருந்து மட்டுமே பெறுவேன் என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததும் கிளைக்கு நேரில் போய், வரவு உறுதியானதா என்று கேட்டு, அயல்நாட்டு வரவுக்கான சான்றை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின்னோ ஓ.டி.பி.யோ ஒருபோதும் தேவையில்லை என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வைப்பதும் நல்லது.

இனிக் காகிதங்கள். ஆர்.சி.யின் முழுப் படத்தையும் ஆதார் நகலையும் முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடும் பழக்கம் நம்மிடம் வேரோடிப் போயிருக்கிறது. அந்த இரண்டும் கிடைத்தால் மோசடிக்காரர் நம் பெயரிலேயே அதே காரை இன்னொருவருக்கு விற்கத் தொடங்கலாம். ஆரம்பப் பேச்சில் பதிவு எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் எழுத்தில் கொடுத்தால் போதும். நகல் கொடுத்தே ஆக வேண்டிய கட்டத்தில், யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்பதை நகலின் குறுக்கே எழுதி, ஆதாரில் முதல் எட்டு எண்கள் மறைந்த வடிவத்தையே கொடுங்கள்.

உரிமை மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் எதையும் நிரப்பாமல் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது அதைவிட ஆபத்தானது. பழைய கார் வியாபாரத்தில் இது வழக்கமாகிவிட்டது என்பதால் சரியானது ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். விற்று, கைமாறி, பல பேர் ஓட்டிய பிறகு நடந்த விபத்துக்கும் பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் கூறியது. வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்கப்படும் காரில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். விற்பவர் மாநிலத்துக்குள் 14 நாளில் உரிமை மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலம் என்றால் 45 நாளில் தடையில்லாச் சான்றோடு தெரிவிக்க வேண்டும். நாமே விண்ணப்பித்து, புதிய பெயர் பதிவில் ஏறியதைப் அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் பார்த்து உறுதி செய்யும் வரை வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

வாங்குபவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு தம்பியையோ மாமனாரையோ கையெழுத்துப் போட அனுப்பினால், அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். தம்பியின் வாய்ச்சொல்லும் அண்ணனின் வீடியோ அழைப்பும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செல்லாது. கார்க்கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கியிருக்கிறோமா என்பதையும் விளம்பரம் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், ஆர்.சி.யில் வேலூர் மாவட்டம் என்றும் ஆதாரில் ராணிப்பேட்டை அல்லது திருப்பத்தூர் மாவட்டம் என்றும் இருப்பவர்கள் நம்மிடையே பலர். இந்த முகவரி வேறுபாடு கடைசி நேரத்தில் தலைதூக்காதபடி முன்பே சரிசெய்துகொள்ளலாம்.

கார் உண்மையாகவே கப்பல் ஏறப்போகிறது என்றால் விற்பனை ஏற்றுமதியாக மாறிவிடுகிறது. வணிக ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் தேவை, உரிமம் பெற்ற சுங்க முகவர் வழியாக ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி அறிவிப்பு சுங்கத்துறையில் பதிவாக வேண்டும். அந்த ஷிப்பிங் பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விற்ற பணம் வங்கி வழியாக நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் பொறுப்புடையவர். ஒரே ஒரு காரை விற்கும் தனிநபர் இந்தச் சுமையை ஏற்பதைவிட, வாங்குபவர் இந்தியாவில் உள்ள ஏற்றுமதி வணிகர் ஒருவரை அமர்த்தட்டும் என்று சொல்லி, அந்த வணிகருக்கே உள்நாட்டு விற்பனையாகக் கொடுத்துப் பணத்தையும் அவரிடமே பெறுவது நல்லது என்று நினைக்கிறேன். நாட்டை விட்டுப் போகும் காரின் பதிவை ரத்து செய்ய என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும்.

தாமே ஏற்றுமதி செய்வதென்று துணிந்தால், அறிவுரை கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஏற்றுமதி செய்யும் எவரைக் கேட்டாலும், பணம் வராமல், கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கின் அசலைக் கைவிடக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தத் தாளை வைத்திருப்பவரே மறுகரையில் சரக்கை எடுக்க முடியும். அதை வாங்குபவருக்குக் கூரியரில் அனுப்பாமல், பணம் செலுத்தினால் மட்டுமே ஆவணம் தரும் முறையில் வங்கி வழியாக அனுப்ப வேண்டும். பெரிய தொகை என்றால் நம்பகமான வங்கியின் எல்.சி., அதாவது பணம் தருவதாக வங்கியே உறுதி கொடுக்கும் கடிதம், கேட்கலாம். அதற்கும் மேலாக, தனிநபர் விற்பனையில் முழுப் பணமும் வந்த பிறகே காரை வாசலை விட்டு அனுப்புவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. விலை என்றால் எது வரை என்பதும் தெளிவாக எழுதப்பட வேண்டும். எஃப்.ஓ.பி. சென்னை (சென்னையில் கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) என்று ஒப்புக்கொண்டால் ஏற்றுமதிச் சுங்க வேலையும் கப்பலில் ஏறும் வரையிலான சேதமும் நம் தலையில், சி.ஐ.எஃப். (போய்ச் சேரும் துறைமுகம் வரையிலான விலை) என்றால் கப்பல் கட்டணமும் காப்பீடும் கூட.

வேலூரிலிருந்து சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அந்தப் பயணத்துக்கு யாரையாவது ஓட்டி வரச் சொல்வது வேண்டாம். ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றுங்கள். சாதாரணச் சாய்தளத்தில் ஏற்றினால் இந்தக் கார்களின் முன் பம்பரின் கீழ் உதடு முதலில் தட்டி உடையும். பலகை வைத்துச் சாய்வை நீட்டி, ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்க, அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டும். ஏற்றும் முன் நான்கு பக்கமும், வீல் ரிம்களும், கீழ்ப்பகுதியும், ஓடோமீட்டரும் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, அன்றே வாங்குபவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டால், பிறகு ஒரு கீறலைக் காட்டிப் பணம் திருப்பிக் கேட்கும் பேச்சுக்கு இடமிருக்காது. பழைய விபத்தையோ மாற்றிய எஞ்சின் மென்பொருளையோ மறைப்பதும் அந்தப் பேச்சுக்கு நாமே கதவைத் திறந்துவிடுவதாகும். இருந்ததை இருந்தபடி ஒப்பந்தத்தில் எழுதி, வழக்கு வந்தால் வேலூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்பதையும் சேர்க்கவும்.

யார் வந்து எடுத்தாலும் டெலிவரி நோட் இல்லாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. தேதி மட்டும் போதாது. மணி, நிமிடம், ஓடோமீட்டர் அளவு, எடுப்பவரின் ஓட்டுநர் உரிம எண், கையெழுத்து எல்லாம் அதில் வேண்டும். அதே நாளில் ஃபாஸ்டேக்கைப் பிரித்து எடுத்து வங்கியில் முடக்கிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதி, சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் சான்றை வாங்கிக்கொண்டால் அடுத்த காருக்குப் பயன்படும்.

இத்தனைக்கும் பிறகு பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு நான்கு நாள் யோசிக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். அனுப்பிய பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த முடிகிற நேரம் மிகக் குறைவு. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், மின்னஞ்சல்களையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் அச்செடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள். கார் கைவிட்டுப் போயிருந்தால், அதே புகாரின் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அந்தப் பதிவு எண்ணின் மீது எந்தப் பெயர் மாற்றமும் நடக்காதபடி தடை கேட்கவும்.