கேரள வாடலைப் பிசிஆரில் தேடுபவர்களுக்கு: கன்ட்ரோல் பிரைமர் வடிவமைப்பது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் தென்னையைத் தாக்கும் 'கேரள வாடல்' நோய் என்று வாயெடுத்தால் பேச்சு லேசில் முடியாது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எம்.எஸ்சி. பிராஜெக்டுக்கு அதையே எடுப்பதில் ஆச்சரியமில்லை. நோய்க்குக் காரணம் ஃபைட்டோபிளாஸ்மா. செல் சுவர் இல்லாத பாக்டீரியா அது. மரத்தின் ஃபுளோயத்துக்குள், அதாவது உணவு கடத்தும் திசுவுக்குள், குடியிருக்கும். சாதாரண பாக்டீரியா மாதிரி தட்டில் வளர்த்துப் பார்க்க முடியாது என்பதால் டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர்தான் கைகொடுக்கும். பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள் ஏற்கெனவே இருக்கின்றன: முதல் சுற்றுக்கு பி1, பி7, அதன் புராடக்டை வைத்து ஓட்டும் இரண்டாம் சுற்றுக்கு ஆர்16எஃப்2என், ஆர்16ஆர்2. ஜெல்லில் சுமார் 1,200 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) அளவில் பேண்ட் வந்தால், சீக்வென்ஸ் செய்து உறுதி செய்துகொள்ளலாம்.

பேண்ட் வரவில்லை என்றால்? மரம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட முடியாது. நீங்கள் எடுத்த டிஎன்ஏவே கெட்டுப்போயிருக்கலாம். ஓலையிலிருக்கும் பாலிபீனால் உடன் வந்து, டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் என்சைமை முடக்கியிருக்கலாம். இதைப் பிரித்துச் சொல்ல, தென்னையின் சொந்த ஜீன் ஒன்றுக்கு ஒரு ஜோடி பிரைமர் வேண்டும். அதுதான் கன்ட்ரோல்: அதன் பேண்ட் வந்தால் டிஎன்ஏவும் என்சைமும் சரி என்று அர்த்தம். அந்த ஜோடியை நீங்களே வடிவமைப்பதற்குத்தான் இந்தப் பதிவு. டிஎன்ஏ பிரிப்பது, ஜெல் ஊற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஜீனைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் குளோரோபிளாஸ்டில் இருக்கும் ஆர்பிசிஎல் ஜீனை எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு செல்லில் அதற்கு ஆயிரக்கணக்கில் பிரதிகள் உண்டு. டிஎன்ஏ பாதி சிதைந்திருந்தாலும் பேண்ட் பளிச்சென்று வரும். கன்ட்ரோல் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். ஆக்டின் மாதிரி நியூக்ளியஸில் இருக்கும் ஜீனை எடுங்கள்.

2. சீக்வென்ஸை எடுங்கள்

தென்னையின் ஜீனோம் 2017-இல் வெளியானது. என்சிபிஐ என்ற அமெரிக்கத் தரவுத்தளத்தின் நியூக்ளியோடைடு பகுதியில் 'கோகோஸ் நூசிஃபெரா ஆக்டின்' என்று தேடினால் பதிவுகள் வரும். அதில் எம்ஆர்என்ஏ பதிவுகளும் கலந்திருக்கும். எம்ஆர்என்ஏவில் இன்ட்ரான் (ஜீனின் நடுவே வந்து, பின்பு வெட்டி நீக்கப்படும் பகுதி) கிடையாது, உங்கள் டியூபில் இருக்கும் ஜீனோமிக் டிஎன்ஏவில் உண்டு. எம்ஆர்என்ஏவை வைத்து 450 பேஸ் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள், ஜெல்லில் 900-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு எக்ஸான் (வெட்டிய பின் மிஞ்சும் பகுதி) சேரும் இடத்தில் பிரைமர் உட்கார்ந்துவிட்டால் எதுவுமே வராது. ஜீனோமிக் பதிவை எடுங்கள். இல்லையென்றால் இரண்டு பிரைமரும் ஒரே எக்ஸானுக்குள் இருக்கும்படி பாருங்கள்.

3. பிரைமர்-பிளாஸ்டில் போடுங்கள்

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் வேண்டாம். என்சிபிஐயின் பிரைமர்-பிளாஸ்ட் இலவசம். ஆரம்பநிலைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. சீக்வென்ஸை ஒட்டி, இந்த இடங்களை மட்டும் மாற்றினால் போதும்.

புராடக்ட் அளவை 400 முதல் 600 வரை வையுங்கள். நோயின் பேண்ட் 1,200-இல் வருவதால் ஜெல்லில் இரண்டும் குழம்பாது. டிஎம், அதாவது உருகுநிலை, 57 முதல் 63 டிகிரி வரை அதிலேயே இருக்கும், விட்டுவிடுங்கள். ஆர்கனிசம் என்ற கட்டத்தை மட்டும் மறக்கவே கூடாது. அதில் 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்று தானாகவே நிரம்பியிருக்கும். மாற்றாமல் விட்டால் உங்கள் தென்னைப் பிரைமர் மனித ஜீனில் எங்கே ஒட்டும் என்று தேடிப் பார்த்து, எங்கேயும் ஒட்டாது என்று நல்ல பிள்ளையாகச் சான்றிதழ் கொடுக்கும். அங்கே தென்னையின் அறிவியல் பெயரைப் போடுங்கள். டேட்டாபேஸும் எம்ஆர்என்ஏவில் நிற்கும், ஜீனோமுக்கு மாற்றுங்கள்.

வரும் ஜோடிகளில் 18 முதல் 22 எழுத்து நீளம், ஜி-யும் சி-யும் சேர்ந்து 40 முதல் 60 சதவீதம், பிரைமர் வளரத் தொடங்கும் 3′ முனையில் ஒரு ஜி அல்லது சி, ஒரே எழுத்து நான்கு முறை தொடராதது, இரண்டு பிரைமரின் டிஎம்மும் கிட்டத்தட்ட ஒன்று. இப்படி இருக்கும் ஜோடியை எடுங்கள். பிரைமர்கள் தமக்குள்ளேயே ஒட்டிக்கொள்கின்றனவா (இதுதான் டைமர்) என்று ஐடிடி கம்பெனியின் ஒலிகோஅனலைசர் என்ற இணையக் கருவியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த ஒட்டலின் வலுவைக் காட்டும் டெல்டா ஜி மைனஸ் 9 கிலோகலோரி/மோலைவிடக் கீழே போனால் அடுத்த ஜோடிக்கு நகருங்கள்.

4. ரிவர்ஸ் பிரைமர்: இங்கே நிதானம்

பிரைமர் எழுத வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில். மெதுவாகவே போவோம்.

டேட்டாபேஸில் இருப்பது ஒரே ஒரு இழை, 5′-இலிருந்து 3′ நோக்கி எழுதியது. ஃபார்வர்டு பிரைமர் அந்த எழுத்துகளேதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ரிவர்ஸ் பிரைமர், உங்கள் பகுதியின் வலது கோடியில் இந்த இழையோடு ஒட்டி, இடது பக்கம் நோக்கி வளர வேண்டும். அதனால் அது ரிவர்ஸ் காம்பிளிமென்ட்.

வலது கோடியில் இந்த எட்டு எழுத்துகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

ஏ-டி-ஜி-ஜி-சி-டி-டி-ஏ

பேப்பரில் விரலை வலது ஓரத்தில் வையுங்கள். ஒவ்வொரு எழுத்தாக இடது பக்கம் நகர்ந்தபடி அதன் ஜோடியை வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள். ஏ என்றால் டி, டி என்றால் ஏ, சி என்றால் ஜி, ஜி என்றால் சி. கிடைப்பது:

டி-ஏ-ஏ-ஜி-சி-சி-ஏ-டி

ஆர்டரில் போக வேண்டியது இதுதான். ஜோடி எழுத்தை மட்டும் மாற்றி, திருப்பாமல் விட்டால் டி-ஏ-சி-சி-ஜி-ஏ-ஏ-டி வரும். பார்க்கச் சரியாகத் தெரியும், வேலை செய்யாது. ஒலிகோ, அதாவது பிரைமர், செய்யும் கம்பெனி நீங்கள் தரும் எழுத்துகளை 5′-இலிருந்து 3′ என்றே எடுத்துக்கொள்ளும். தப்பு என்று யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் இதற்கு நேர் எதிரான பொறி ஒன்று உண்டு. பிரைமர்-பிளாஸ்ட் தரும் ரிவர்ஸ் பிரைமர் ஏற்கெனவே திருப்பியது. ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணையில் இருப்பதும் அப்படித்தான். பாடத்தில் படித்த ஞாபகத்தில் அதை இன்னொரு முறை திருப்பினால் கதை முடிந்தது. சந்தேகம் வந்தால் பெஞ்ச்லிங் என்ற இணையக் கருவியில் சீக்வென்ஸைத் திறந்து இரண்டு பிரைமரையும் ஒட்டிப் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க வேண்டும்.

5. ஆர்டர், கரைப்பது

25 நானோமோல் அளவு, டீசால்ட்டிங் (உப்பு நீக்கும்) சுத்திகரிப்பு போதும். ஹெச்பிஎல்சி என்ற உயர்தரச் சுத்திகரிப்புக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், சாதாரண பிசிஆருக்கு அது வீண்.

டியூப் வந்ததும் திறக்காதீர்கள். முதலில் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விடுங்கள். பிரைமர் காய்ந்த படலமாக இருக்கும், கூரியர் குலுக்கலில் மூடியில் ஒட்டியிருந்தால் திறந்தவுடன் பறந்துவிடும். ஏப்ரல் மாதப் பாலக்காட்டு வெயிலில் பார்சல் வந்ததே என்று கவலை வேண்டாம், காய்ந்த நிலையில் தாங்கும்.

டியூபில் எத்தனை நானோமோல் என்று ஒட்டியிருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால், எத்தனை மைக்ரோலிட்டர் டிஇ பஃபர் ஊற்ற வேண்டும் என்று தெரியும். 24.6 என்றால் 246 மைக்ரோலிட்டர். அது 100 மைக்ரோமோலார் ஸ்டாக். அதிலிருந்து 10 எடுத்து 90 தண்ணீர் சேர்த்தால் வேலைக்கான 10 மைக்ரோமோலார். 25 மைக்ரோலிட்டர் ரியாக்‌ஷனுக்கு ஒவ்வொரு பிரைமரிலும் 0.5 மைக்ரோலிட்டர் போதும். ஸ்டாக்கை மைனஸ் 20-இல் வைத்துவிடுங்கள், தினமும் எடுத்து உருக்க வேண்டாம்.

அனீலிங் வெப்பநிலையை, அதாவது பிரைமர் ஒட்டும் வெப்பநிலையை, டிஎம்மைவிட ஐந்து டிகிரி குறைத்து ஆரம்பியுங்கள். ஒரே நேரத்தில் பல வெப்பநிலை தரும் கிரேடியன்ட் மெஷின் இருந்தால் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை

ஆக்டினில் இரண்டு பேண்ட் வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆக்டின் ஒரு ஜீன் குடும்பம், உறவுக்காரர்களும் சேர்ந்து பெருகுகிறார்கள். அனீலிங்கை இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றுங்கள். அப்படியும் போகவில்லை என்றால், மற்ற ஆக்டின்களிலிருந்து மாறுபடும் எழுத்து 3′ முனையில் வருமாறு ஒரு பிரைமரை நகர்த்துங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தங்கை: "அண்ணா, கன்ட்ரோல் நன்றாக வருகிறது, இலையோ விலா எலும்பு மாதிரி வளைந்திருக்கிறது, ஆனால் நோய் பேண்ட் இல்லை." எந்த ஓலையிலிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள் அம்மா. ஃபைட்டோபிளாஸ்மா மரம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்காது, அளவும் குறைவு. முற்றிய மட்டையை விட்டு, குருத்தோலையின் நடு நரம்பை எடுங்கள். குருத்தைத் தொட்டால் தோப்புக்காரர் சண்டைக்கு வருவார். முன்கூட்டியே பேசி வையுங்கள். இரண்டாம் சுற்றுக்கு முதல் சுற்றின் புராடக்டை நீர்த்துப் போடுங்கள். இரண்டு சுற்றிலும் டிஎன்ஏ போடாத டியூப் ஒன்று கண்டிப்பாக ஓட வேண்டும், இப்படி இரண்டு சுற்றாக ஓட்டும் நெஸ்டட் பிசிஆரில் துளி கலப்படமும் பேண்டாக நிற்கும். தண்டின் அடியில் செம்பழுப்புச் சாறு வடிந்தால் அது தஞ்சாவூர் வாடலாக இருக்கலாம். அது கானோடெர்மா பூஞ்சை, இந்தப் பிரைமர்களுக்கு அகப்படாது.

வேலைக்கு இது உதவுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். உதவும். காயங்குளத்தில் மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமான சிபிசிஆர்ஐயின் மண்டல நிலையம் இந்த நோயிலேயே வேலை செய்கிறது. நம் பக்கத்திலேயே ஆழியாறு நகரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பிராஜெக்ட் வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். நெட் தேர்வோ கேட் தேர்வோ கையில் இருந்தால் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) ஊக்கத்தொகை மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரியிலிருந்து இந்த அளவு. வீட்டு வாடகைப்படி தனி. இன்டர்வியூவில் மார்க்கரைக் கையில் கொடுத்து, ஒரு சீக்வென்ஸை எழுதி, ரிவர்ஸ் பிரைமரை எழுதச் சொல்வது வழக்கமான கேள்வி. வலது ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள், 5′ எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு முன்பே குறித்துவிடுங்கள்.