போனிலேயே தோட்டத்து மோட்டார் போட: நானே செய்த மொபைல் ஸ்டார்ட்டர்

எங்கள் கிணறு வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். த்ரீ பேஸ் வருவது பாதி நாள் ராத்திரியில்தான். டார்ச்சோடு வரப்பில் நடந்து சலித்துப்போய் இதில் இறங்கினேன். சாலிடரிங் பழக்கமில்லாதவர்கள் கடையில் ரெடிமேடாகவே வாங்கிவிடுங்கள், தப்பில்லை. நான் சொல்வது டிஓஎல் ஸ்டார்ட்டருக்கு (மோட்டாருக்கு நேராக லைன் வோல்ட்டேஜைக் கொடுக்கும் வகை) மட்டும்.

வேண்டியவை: அர்டுயினோ நானோ (புரோகிராம் எழுதிப் போடும் சின்ன போர்டு), சிம்800எல் (சிம் போட்டு போன் போல வேலை செய்யும் மாட்யூல்), எல்எம்2596 பக் கன்வர்ட்டர் (வோல்ட்டைக் குறைத்துக் கொடுப்பது) 2, இரண்டு சேனல் ரிலே போர்டு (நானோ சொன்னபடி போட்டு அணைக்கும் சின்ன சுவிட்ச்), 230 வோல்ட் காயில் உள்ள சின்ன காண்டாக்டர் (காயிலுக்குக் கரன்ட் வந்தால் இழுக்கும் பெரிய சுவிட்ச்) 2, பழைய பைக்கின் 12 வோல்ட் பேட்டரி, அதற்குச் சார்ஜர். பிரெட்போர்டு வேண்டவே வேண்டாம். மோட்டார் ரூமில் பல்லி, எறும்பு எல்லாம் குடியிருக்கும். டாட் போர்டில் சாலிடர் செய்து மூடிய பெட்டியில் வையுங்கள்.

1. சிம். சிம்800எல் 2ஜி மட்டும்தான். ஜியோ சிம் போட்டால் ஜென்மத்துக்கும் சிக்னல் எடுக்காது. சிம்மின் பின் நம்பர் (PIN) லாக்கையும் எடுத்துவிடுங்கள்.

2. பவர். என்னை ஒரு வாரம் அழவைத்தது இதுதான். மாட்யூலில் லைட் மூன்று விநாடிக்கு ஒருமுறை சிமிட்டும். டவர் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் நான் கூப்பிட்ட அடுத்த நொடி விநாடிக்கொரு சிமிட்டலுக்குத் திரும்பிவிடும், அதாவது மறுபடி டவர் தேடுகிறது. புரோகிராம் கோடு தப்பு என்று நினைத்து மூன்று தடவை மாற்றி எழுதினேன். கடைசியில் பார்த்தால் கரன்ட் போதவில்லை. சிக்னல் அனுப்பும் கணத்தில் இது 2 ஆம்பியர் வரை இழுக்கும். நானோவின் 5 வோல்ட் பின் தாங்காது. ஒரு பக் கன்வர்ட்டரை மல்டிமீட்டர் வைத்து 4.0 வோல்ட்டுக்குத் திருகிவிட்டுப் பிறகு மாட்யூலை இணையுங்கள். பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், ஒயர் குட்டையாக. இன்னொரு கன்வர்ட்டர் 5 வோல்ட்டில் நானோவுக்கும் ரிலேவுக்கும். கிரவுண்ட் (நெகட்டிவ்) எல்லாவற்றையும் ஒன்றாக இணையுங்கள்.

3. கோடு. AT என்று தொடங்கும் கட்டளைகளில் மூன்று போதும்: AT+CLIP=1 கூப்பிடும் நம்பரைக் காட்டும் (அது உங்கள் நம்பராக இருந்தால் மட்டும் எடுக்கும்படி எழுதுங்கள்), ATA போனை எடுக்கும், AT+DDET=1 அழுத்தும் எண்ணைச் சொல்லும். 1 ஸ்டார்ட், 2 ஸ்டாப். ரிலே இரண்டு விநாடி மட்டும் இழுத்துவிட வேண்டும். ஸ்டார்ட்டர் தானே பிடித்துக்கொள்ளும். தொடர்ந்து இழுத்தபடி விட்டால், போன கரன்ட் திரும்பும்போது மோட்டார் தானாக ஓடும்.

4. ஸ்டார்ட்டர் பக்கம். உள்ளே இருப்பது 415 வோல்ட். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிவிட்டு, ஒயர்மேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நீல நிற ரிலேக்கள் 250 வோல்ட்டுக்குத்தான். நேராகப் பச்சைப் பட்டனில் கொடுக்காதீர்கள். ரிலே சின்ன காண்டாக்டரின் காயிலை மட்டும் இழுக்கட்டும். முதல் காண்டாக்டரின் என்ஓ முனை (சாதாரணமாகத் திறந்திருப்பது) பச்சைப் பட்டனுக்கு இணையாக, இரண்டாவதின் என்சி முனை (சாதாரணமாக மூடியிருப்பது) சிவப்புப் பட்டனோடு தொடராக. மோட்டார் கருகாமல் காக்கும் ஓவர்லோட் ரிலே, ஒரு பேஸ் போனால் நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இரண்டையும் தொடவே கூடாது.

பின்சேர்க்கை: "என் நம்பரையே ஏற்க மாட்டேன் என்கிறது" என்று இரண்டு பேர் கேட்டார்கள். நம்பர் சில சமயம் +91 சேர்ந்து வரும், சில சமயம் வராது. கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

இன்னொருவர் மிஸ்டு கால் கொடுத்தாலே ஓடும்படி கேட்டார். நான் செய்யவில்லை. ஓடுகிறதா நிற்கிறதா தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்போம். அதைவிட, முதல் காண்டாக்டரின் காயிலுக்குப் போகும் ஒயரில் ஒரு சுவிட்ச் போடுங்கள். மோட்டார் ரூமில் ஆள் இருக்கும்போது அதை ஆஃப் செய்துவிட்டால் போனில் யார் அழுத்தினாலும் ஓடாது. பழுது பார்ப்பதென்றால் அதுவும் போதாது, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.