மைக்ரோஸ்கோப்புக்கு வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் எல்இடி விளக்கு: செய்வதும் பயன்படுத்துவதும்

மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சம் கண்ணைக் கூசினால் பலரும் முதலில் தொடுவது கண்டென்சரில் (ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் லென்ஸ் தொகுதி) இருக்கும் ஐரிஸ் நெம்புகோலைத்தான், அதாவது ஒளி வரும் துளையைச் சுருக்கி விரிக்கும் பிடியைத்தான். இல்லையென்றால் கண்டென்சரையே கீழே இறக்கிவிடுவார்கள். இரண்டுமே வெளிச்சத்தைக் குறைக்கும். கூடவே படத்தின் நுணுக்கத்தையும் கெடுக்கும். 40× ஆப்ஜெக்டிவின் (ஸ்லைடுக்கு அருகிலுள்ள லென்ஸ்) என்.ஏ., அதாவது லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை ஏற்கிறது என்ற அளவு, பொதுவாக 0.65. கண்டென்சர் ஐரிஸை என்.ஏ. 0.5 அளவுக்குத் திறந்து வைத்தால், பச்சை ஒளியில் சுமார் 0.58 மைக்ரான் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். கூசுகிறதென்று 0.2 வரை மூடினால், 0.79 மைக்ரானுக்கு நெருக்கமாக உள்ளவை ஒன்றாகக் கலந்துவிடும். ஒரு மைக்ரான் பருமனுள்ள காக்கஸ் (உருண்டை வடிவ) பாக்டீரியாவைப் பார்க்கிறவருக்கு இது பெரிய இழப்பு. வெளிச்சத்தை விளக்கிலேயே கூட்டிக் குறைக்க வேண்டும். ஐரிஸை அதன் சொந்த வேலைக்கு விட்டுவிட வேண்டும். கண்ணாடி வைத்த பள்ளி மைக்ரோஸ்கோப்புக்கும், 6 வோல்ட் 20 வாட் ஹாலஜன் பல்ப் உள்ள கல்லூரி மைக்ரோஸ்கோப்புக்கும் இதைக் குறைந்த செலவில் செய்துவிடலாம்.

எந்த எல்இடி

20 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒட்டி வரும் 3 வாட் வெள்ளை ‘ஸ்டார்’ எல்இடி ஒன்று போதும். நிறத்தில்தான் கவனம் வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும் 6500 கெல்வின் ‘கூல் ஒயிட்’ வேண்டாம். அதில் 450 நானோமீட்டர் பக்கம் நீலம் உயர்ந்து நிற்கும், 480 பக்கம் ஒரு பள்ளம் இருக்கும், அடர் சிவப்பு மிகக் குறைவு. இயோசின் சாயத்தின் இளஞ்சிவப்பு அதில் மங்கிவிடும். லீஷ்மன் சாயமிட்ட இரத்தப் பூச்சில் வெள்ளணுக்களின் உள்ளே இருக்கும் துகள்களின் நிற வேறுபாடு சரியாகப் பிடிபடாது. 4000 முதல் 5000 கெல்வின் வரை, சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். சாயத்தின் நிறத்தை வைத்து முடிவு சொல்கிற வேலைக்கு இந்தச் சிறு கூடுதல் செலவு கட்டாயம்.

பல சிறு எல்இடிகள் வரிசையாகவோ வட்டமாகவோ உள்ள பலகையைக் கண்டென்சருக்குக் கீழே வைக்காதீர்கள். ஒவ்வொரு எல்இடியும் ஒரு நிழலை உண்டாக்கும். செல் சுவர்களின் ஓரம் இரட்டையாகத் தெரியும்.

மின்சுற்று

எல்இடியை மின்னழுத்தத்தால் அல்ல, மின்னோட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும். இதற்கு எல்.எம். 317 ஐ.சி.யை மாறாத மின்னோட்டம் தரும் மூலமாகப் பயன்படுத்துவதே எங்கள் பரிந்துரை. சந்தையில் கிடைக்கும் மலிவான எல்இடி டிம்மர்கள் பெரும்பாலும் பி.டபிள்யூ.எம். முறையில், அதாவது விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றி, வெளிச்சத்தைக் குறைப்பவை. கண்ணுக்கு அது தெரியாது. மொபைல் கேமராவை ஐபீஸில் வைத்ததும் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். எல்.எம். 317 அப்படி விட்டு விட்டு எரிக்காது.

தேவையானவை: 9 வோல்ட் 1 ஆம்பியர் டி.சி. அடாப்டர், எல்.எம். 317 (டி.ஓ. 220 வடிவம்), அதற்கொரு சிறு ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு), மைக்கா வாஷர் (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு), 3.9 ஓம் 1 வாட் ரெசிஸ்டர், 50 ஓம் 5 வாட் வயர்வுண்ட் பாட் (குமிழைத் திருப்பி மின்தடையை மாற்றும், கம்பி சுற்றிய பொடென்ஷியோமீட்டர்), 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர். சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவில் எல்லாமே கிடைக்கும்.

பாட் வாங்கும்போது சாதாரண கார்பன் பாட்டைக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். கால் வாட் 100 ஓம் கார்பன் பாட் தாங்குவது 50 மில்லி ஆம்பியர்தான். குமிழை முழுவதும் திருப்பும் இடத்தில் 300க்கு மேல் ஓடும். அந்த ஓரம் சில நாளில் கருகிப்போகும். 50 ஓம் 5 வாட் வயர்வுண்ட் 316 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். நமக்குத் தேவையானதும் ஏறக்குறைய அதே அளவுதான்.

எல்.எம். 317இன் எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது கால்கள் இடமிருந்து வலமாக: அட்ஜஸ்ட், அவுட், இன். அடாப்டரின் பாசிட்டிவ் ‘இன்’ காலுக்கு. அதே இடத்திலிருந்து நெகட்டிவ் கம்பிக்குக் குறுக்கே கெப்பாசிட்டர். ‘அவுட்’ காலிலிருந்து 3.9 ஓம் ரெசிஸ்டர். அதன் மறுமுனை பாட்டின் நடுக்காலுக்கு. தண்டு உங்களை நோக்கியும் கால்கள் கீழேயும் இருக்கப் பிடித்தால் வலப்பக்கம் வரும் கால்தான் பாட்டின் வெளியேறும் முனை; அதிலிருந்து இரண்டு கம்பிகள் புறப்படும்: ஒன்று ‘அட்ஜஸ்ட்’ காலுக்கு, மற்றொன்று எல்இடியின் பாசிட்டிவுக்கு. எல்இடியின் நெகட்டிவ் அடாப்டரின் நெகட்டிவுக்கு. பாட்டில் மிச்சமிருக்கும் இடக்காலை நடுக்காலோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுங்கள். உள்ளே தொடுமுனை ஒரு நொடி விலகினாலும் விளக்கு அணையாது, மங்கும், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. எல்.எம். 317 தன் அவுட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ட் வைத்துக்கொள்ளும். குமிழ் முழுவதும் வலப்பக்கம் இருக்கையில் 1.25 ஐ 3.9 ஆல் வகுத்தால் 320 மில்லி ஆம்பியர். முழுவதும் இடப்பக்கம் இருக்கையில் மொத்தம் 53.9 ஓம், 23 மில்லி ஆம்பியர். பதினான்கு மடங்கு வீச்சு கிடைக்கிறது. 3 வாட் எல்இடி 700 மில்லி ஆம்பியர் வரை தாங்கினாலும் பாதிக்குக் கீழே ஓட்டுவது நல்லது. சூடு குறையும், நிறம் வருடக்கணக்கில் மாறாது. இந்தச் சுற்றில் ஒரு குறை உண்டு: வெளிச்சத்தின் பெரும் மாற்றம் குமிழின் கடைசி கால் சுற்றில்தான் நடக்கும். பெரிய விட்டமுள்ள குமிழ் போட்டால் அங்கே மெதுவாகத் திருப்ப வசதியாக இருக்கும்.

எல்இடியை இணைக்கும் முன் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். எல்இடி இருக்க வேண்டிய இடத்தில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் நேரடியாக இணைத்துச் சில நொடிகள் மட்டும் மின்சாரம் கொடுங்கள். குமிழைத் திருப்பினால் 0.02இலிருந்து 0.32 வரை காட்ட வேண்டும். ஒரு ஆம்பியரோ அதற்கு மேலோ காட்டினால் ‘அட்ஜஸ்ட்’ கம்பி தவறான இடத்தில், பெரும்பாலும் ரெசிஸ்டருக்கு முன்னால், பற்றவைக்கப்பட்டிருக்கிறது. எல்இடி இருந்திருந்தால் அந்த நொடியே போயிருக்கும்.

எல்.எம். 317இன் முதுகுத் தகடு உள்ளே ‘அவுட்’ காலோடு இணைந்தது. மைக்கா வாஷர் இல்லாமல் மைக்ரோஸ்கோப்பின் உலோக உடலில் திருகிவிடாதீர்கள். சுமார் 1.5 வாட் வெப்பம் வரும். ஹீட் சிங்க் இல்லாவிட்டால் ஐ.சி. தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைக்கும். பத்து நிமிடத்தில் விளக்கு தானாக மங்குவதற்கும் மின்னுவதற்கும் வழக்கமான காரணம் இதுதான்.

விளக்குக்கூடு

எல்இடியின் அடியில் தெர்மல் பேஸ்ட்டை மெல்லிய படலமாகத் தடவி, 40 மி.மீ. சதுரமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள அலுமினியத் தகட்டில் இரண்டு திருகால் இறுக்குங்கள். திருகின் தலை எல்இடியின் சாலிடர் முனைகளைத் தொடக் கூடாது. அரை மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரியவிட்டுத் தகட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். விரல் வைக்க முடியாத சூடென்றால் பேஸ்ட் சரியாகப் பரவவில்லை.

வெறும் எல்இடியை நேராகக் கண்டென்சருக்குக் காட்டினால் நடுவில் கூர்மையான வெள்ளையும் சுற்றிலும் மஞ்சள் வளையமும் வரும். ஒளி தரும் பரப்பு ஒரு மி.மீ. அளவே இருப்பதும், பாஸ்பர் பூச்சு வழியே ஓரத்துக் கதிர்கள் அதிக தூரம் கடப்பதும் காரணம். எனவே ஒளி பரப்பி வேண்டும். 2 மி.மீ. பால்நிற அக்ரிலிக் தகட்டை 35 மி.மீ. வட்டமாக வெட்டி, எல்இடிக்கு 20 மி.மீ. மேலே பொருத்துங்கள். 40 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு நல்ல கூடு. உள்பக்கத்துக்கு வெள்ளைத் தாள் ஒட்டுங்கள்.

கண்ணாடி வைத்த மைக்ரோஸ்கோப்பில், கண்ணாடியின் கவை அடித்தட்டில் ஒரு துளையில் செருகியிருக்கும், இழுத்தால் வந்துவிடும். அந்த இடத்தில் கூட்டை வையுங்கள். ஒளி பரப்பிக்கும் கண்டென்சரின் அடி லென்ஸுக்கும் இடையே 50 மி.மீ.க்கு மேல் போகாமல் பாருங்கள். தள்ளிப்போனால் 4× ஆப்ஜெக்டிவில் ஓரங்கள் இருளும். ஐபீஸின் புல எண் (ஐபீஸில் தெரியும் வட்டத்தின் விட்டம், மி.மீ.இல்) 18 என்றால் 4× இல் தெரியும் பரப்பு 4.5 மி.மீ. அகலம், அது முழுவதும் ஒளி நிரம்ப வேண்டும்.

நடுவில் நிறுத்த: 10× ஆப்ஜெக்டிவில் ஸ்லைடைத் தெளிவாக்கி, ஐபீஸைக் கழற்றி, ஐரிஸை நன்றாக மூடிக் குழாய்க்குள் பாருங்கள். ஒளிப்புள்ளி நடுவில் சீராகத் தெரியும்வரை கூட்டை நகர்த்தி, பிறகு இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். விளக்கைக் குறைவான வெளிச்சத்தில் வைத்தே இதைச் செய்ய வேண்டும். ஒளி பரப்பி இல்லாமல் குழாய்க்குள் பார்க்கவே கூடாது.

ஹாலஜன் மைக்ரோஸ்கோப்பில் பல்பைக் கழற்றும் முன் அதன் சாக்கெட்டிலிருந்து இழையின் நடுப்பகுதி எவ்வளவு உயரம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எல்இடியின் முகம் அதே உயரத்தில் இருந்தால்தான் அடியிலுள்ள கலெக்டர் லென்ஸ் ஒழுங்காக வேலை செய்யும். பழைய டிரான்ஸ்ஃபார்மரிலும் டிம்மரிலும் எல்இடியை இணைக்காதீர்கள். அது ஏ.சி.யாகவோ, அலையின் ஒரு பகுதியை வெட்டித் தருவதாகவோ இருக்கும். விளக்கு நொடிக்கு 50 அல்லது 100 முறை துடிக்கும். மின் பிளக்கை உருவிவிட்டு, 230 வோல்ட் பகுதியைத் தொடாமல், உங்கள் 9 வோல்ட் கம்பியை மட்டும் தனியாக உள்ளே கொண்டுபோங்கள். ஃபில்டர் தட்டில் நீலக் கண்ணாடி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஹாலஜனின் மஞ்சளைச் சரிசெய்ய வைத்தது அது. எல்இடியோடு சேர்ந்தால் ஸ்லைடு முழுக்க நீலம் பாரிக்கும்.

பார்க்கும்போது

குமிழைக் குறைந்த நிலையில் வைத்து 10× இல் தொடங்குங்கள். கண்டென்சரை மேலே ஏற்றி, ஒளி பரப்பியின் புள்ளிகள் புலத்தில் தெரிந்தால் ஒன்றிரண்டு மி.மீ. இறக்குங்கள், அதற்கு மேல் இறக்க வேண்டாம். ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்து, தெரியும் ஒளிவட்டத்தின் விட்டத்தில் 70 முதல் 80 சதவீதம் வரும்படி ஐரிஸை மூடுங்கள். ஐபீஸைப் போட்டபின் வெளிச்சத்துக்குக் குமிழ் மட்டுமே. ஆப்ஜெக்டிவை மாற்றும்போதெல்லாம் ஐரிஸும் குமிழும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியவை.

எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. படத்தின் பிரகாசம், என்.ஏ.யை உருப்பெருக்கத்தால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4× (0.10), 10× (0.25) இரண்டுக்கும் அது ஒன்றே. 40× (0.65) அதைவிடச் சுமார் இரண்டரை மடங்கும், 100× ஆயில் (1.25) நான்கு மடங்கும் அதிக விளக்கொளி கேட்கும். 4× இல் குமிழைக் கடைசிவரை குறைத்தும் கூசினால், ஒளி பரப்பிக்கு அடியில் ஒரு டிரேசிங் தாள் போடுங்கள்.

சாயமிட்ட ஸ்லைடுக்கு 70–80 சதவீத ஐரிஸே சரி. சாயமில்லாத உயிருள்ள மாதிரிகள், அதாவது குளத்து நீர், கன்னத்தின் உட்தோல் செல்கள், ஹைட்ரில்லா இலை ஆகியவை அந்த அமைப்பில் கண்ணாடி போலத் தெரியும். அங்கே மட்டும் ஐரிஸைப் பாதி அளவுக்கு மூடி, குறைந்த வெளிச்சத்தைக் குமிழால் ஈடுசெய்யுங்கள். நுணுக்கம் சற்றுக் குறையும், ஓரங்கள் எழுந்து நிற்கும். தெரிந்தே செய்கிற பரிமாற்றம் அது. எல்இடியின் கதிரில் அகச்சிவப்பு மிகக் குறைவு என்பதால் ஹாலஜனைப் போல் சொட்டு நீரைச் சூடாக்காது. ஆனாலும் யூக்ளினா மிதமான ஒளியை நாடி வரும், கடும் ஒளியிலிருந்து விலகி ஓடும். அதைப் பார்க்கிறபோது குமிழைத் தாழ்த்தி வையுங்கள்.

படம் எடுக்கும்போது ஸ்லைடின் வெற்றிடத்தை நடுவில் கொண்டுவந்து ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். ஹாலஜனைக் குறைத்தால் நிறம் சிவந்துபோகும். எல்இடியில் குமிழைத் திருப்பினாலும் நிறம் மிகச் சிறிதே மாறுகிறது. எனவே ஒருமுறை பூட்டினால் அந்த அமர்வு முழுவதும் போதும்.

டார்க்ஃபீல்டுக்கும் (கறுப்புப் பின்னணியில் மாதிரி மட்டும் ஒளிரும் முறை) இதே விளக்கு உதவும். 10× இல் ஐபீஸைக் கழற்றி, ஐரிஸின் ஓரம் ஆப்ஜெக்டிவின் வட்ட ஓரத்தைத் தொடும்வரை மூடி, அந்தத் துளையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அதைவிடப் பத்து சதவீதம் பெரிய கறுப்பு வட்டத்தைத் தெளிவான பிளாஸ்டிக் (ஓ.எச்.பி.) தாளில் ஒட்டி ஃபில்டர் தட்டில் நடுவாக வைத்து, ஐரிஸை முழுவதும் திறந்து, குமிழை முழுவதும் கூட்டுங்கள். பாரமீசியத்தின் சிலியாக்கள் கறுப்புப் பின்னணியில் மின்னும். பின்னணி சாம்பலாக இருந்தால் வட்டம் நடுவில் இல்லை, அல்லது சிறியது. 100× ஆயிலுக்கு இந்த வட்டம் பயன்படாது. அதற்குத் தனி டார்க்ஃபீல்டு கண்டென்சர் வேண்டும்.

புலத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் ஐபீஸைச் சுழற்றுங்கள்; கூடவே சுழன்றால் தூசி ஐபீஸில். ஸ்லைடோடு நகர்ந்தால் ஸ்லைடில். இரண்டுக்கும் அசையாமல், கண்டென்சரை ஏற்றி இறக்கும்போது கூர்மையாகி மங்கினால் ஒளி பரப்பியின் மேல். அக்ரிலிக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மயிரிழை விரிசல் விழும். சோப்பு நீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.