கருத்தைப் படமாக்க: வினைச்சொல்லில் தொடங்குங்கள்

'புதுமை' என்ற ஸ்லைடில் எரியும் பல்பு. 'கூட்டுமுயற்சி'க்குக் கைகுலுக்கல். 'உத்தி'க்குச் சதுரங்கக் காய். இவற்றைத் தப்பு என்று சொல்ல முடியாது. தலைப்பில் ஏற்கெனவே இருப்பதற்கு மேல் இவை எதையும் சொல்வதில்லை, அவ்வளவுதான். பெயர்ச்சொல்லுக்கு ஜோடியாக இன்னொரு பெயர்ச்சொல்லைத் தேடினால் இங்கேதான் வந்து நிற்போம்.

உவமை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியத்தின் உவமவியல்: வினை, பயன், மெய், உரு. அதாவது செய்கை, விளைவு, வடிவம், நிறம். கண்ணுக்குத் தெரியாத கருத்துக்கு வடிவமும் கிடையாது, நிறமும் கிடையாது. மிச்சம் இருப்பவை முதல் இரண்டுதான். படத்துக்கான பொருளை அங்கிருந்து எடுங்கள்.

முதல் வேலை, கருத்தின் பெயரைச் சொல்லாமல் அது செய்வதை ஒரே வாக்கியத்தில், பத்துப் பன்னிரண்டு சொல்லுக்குள் எழுதுவது. பணவீக்கத்தை எடுத்துக்கொள்வோம். சொல்லிலேயே வீக்கம் இருப்பதால் கை தானாகப் பலூனை வரையப் போகும். பலூன் ஊதுகிறது, சரி. யாருக்கு என்ன நஷ்டம் என்று அதில் தெரியாது. பெயரை மூடி வைத்துவிட்டு எழுதினால் வருவது இது: "வருமானம் அப்படியே இருக்கிறது, விலை ஏற ஏறப் பொருள் எட்டாமல் போகிறது." இதில் உயிருள்ள சொல் 'எட்டாமல் போகிறது'. அதன் கீழே கோடு போடுங்கள்.

இனி எட்டாமல் போகிற விஷயங்களைப் பட்டியலிடுங்கள். பத்து நிமிடம், குறைந்தது 15 பொருள்கள். முதலில் வரும் நான்கைந்து எல்லார் மனதிலும் இருப்பவை, அவற்றை அடித்துவிடலாம். மிச்சத்தில் ஐந்தாறைத் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் தடித்த மார்க்கரால் கிறுக்குங்கள், கட்டத்துக்கு இரண்டு நிமிடம். மெல்லிய பேனா எடுத்தால் நுணுக்கம் வரையத் தோன்றும், நேரம் அதில் போய்விடும்.

கிணறு ஒன்று கிடைத்தது என்று வையுங்கள். கயிறு அதே நீளம், தண்ணீர் கீழே இறங்கிவிட்டது, வாளி அந்தரத்தில் தொங்குகிறது. அழகான படம்தான், ஆனால் விலை ஏறுவதைச் சொல்லும் படத்தில் நீர்மட்டம் இறங்குகிறது. பார்ப்பவர் எதையோ தலைகீழாகப் புரட்டிப் படிக்க வேண்டியிருக்கும். அடுத்தது, எட்டாக்கனி: ஏணி அதேதான், மரம் ஆண்டுக்காண்டு உயர்கிறது. திசை சரியாகிவிட்டது. ஆனால் மரம் வளர்வது நல்ல சேதி, உயர்ந்த மரம் கூடுதலாகக் காய்க்கும். நாம் சொல்லாத ஒன்றைப் படம் தானே சொல்லிவிடுகிறது. மூன்றாவது, சுவரில் ஒரு அலமாரித் தட்டு. மூன்று கட்டங்கள், மூன்றிலும் அதே ஆள், அதே ஆறு படி ஏணி. தட்டு மட்டும் கட்டத்துக்குக் கட்டம் மேலே போகிறது. தட்டு உயர்வதில் யாருக்கும் மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை. இது போதும்.

தேர்ந்ததும் ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் படத்தில் உள்ளவை, வலப்பக்கம் அவற்றுக்கு நேரான கருத்து என்று எழுதுங்கள். ஏணி, வருமானம். தட்டின் உயரம், விலை. தட்டின் மேலுள்ள ஜாடி, வாங்க நினைக்கும் பொருள். ஜன்னலுக்கு நேராக எதுவும் வரவில்லையா? ஜன்னலை அழித்துவிடுங்கள். மூலையில் வரைந்த பூனையையும்தான், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும்.

அதிகம் வழுக்குவது, பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் இயல்புகளில். தண்ணீரை ஊற்றினால் ஊற்றிய பாத்திரத்தில் குறையும். கற்பித்தலைக் குடத்திலிருந்து குடத்துக்கு ஊற்றுவதாக வரைந்தால் ஆசிரியர் கடைசியில் காலிக் குடம். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு குறைவதில்லை. கல்விக்கு அது பொருந்தும். பணம் கைமாறுவதற்குத் தண்ணீரே சரி. 1949-இல் பொருளாதார அறிஞர் பில் பிலிப்ஸ் பொருளாதாரத்தைத் தொட்டி, குழாய், வால்வுகளோடு ஓடும் நீராகவே ஓர் இயந்திரமாகக் கட்டிக் காட்டினார். ஒரு தொட்டியிலிருந்து வெளியேறுவது இன்னொன்றில் சேர்கிறது என்பது அங்கே பொருந்திற்று. வங்கி கடன் கொடுக்கும்போது புதுப் பணம் உருவாவதைக் காட்ட வேண்டுமானால் அதே தண்ணீர் உதவாது.

பழைய மேக்கின்டாஷ் கணினியில் ஃப்ளாப்பி வட்டை வெளியே எடுக்க திரையில் அதன் ஐகானைக் குப்பைத் தொட்டிக்கு இழுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமோ என்று பலர் பயந்தார்கள். குப்பைத் தொட்டிக்கு ஒரே வினைதான் உண்டு. அதன்மேல் இன்னொன்றை ஏற்றியதால் வந்த வினை இது.

அளவைக் காட்டும் படமாக இருந்தால் கணக்கு தப்பக் கூடாது. இரண்டு மடங்கு என்று காட்ட வட்டத்தின் விட்டத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும், விட்டத்தை 1.41-ஆல் பெருக்குங்கள். அதைவிட நல்லது, ஒரே அளவுச் சின்னத்தை எண்ணிக்கையில் கூட்டுவது; புள்ளிவிவரங்களைச் சின்னங்களால் காட்டும், பின்னாளில் ஐசோடைப் எனப் பெயர்பெற்ற முறையின் விதியே அதுதான். பிரெஞ்சுப் பொறியாளர் மினார் 1869-இல் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பை ஒரு பட்டையாக வரைந்தார், ஒரு மில்லிமீட்டருக்கு 10,000 பேர். 4,22,000 பேரோடு கிளம்பிய பட்டை, 10,000 பேராகத் திரும்பும்போது வெறும் கோடு. தேய்ந்துபோவது என்ற வினையை அகலமே செய்துவிடுகிறது. பனிப்பாறைப் படத்துக்கும் இந்த அளவுக் கணக்கு உண்டு: பாறையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருக்கும். பாதிக்குப் பாதி வரைந்தால் 'மறைந்திருப்பதே அதிகம்' என்ற பேச்சு எடுபடாது.

வேற்று ஊர்க்காரர்களும் பார்ப்பார்கள் என்றால் சின்னங்களில் கவனம் வேண்டும். ஆந்தை ஓரிடத்தில் அறிவு, இன்னோரிடத்தில் அபசகுனம். அரபு மொழியில் வலமிருந்து இடமாகப் படிப்பவருக்கு உங்கள் 'முன்', 'பின்' கட்டங்கள் மாறித் தெரியலாம். கட்டங்களுக்கு எண் போடுங்கள் அல்லது மேலிருந்து கீழாக அடுக்குங்கள். சிவப்பு, பச்சை வித்தியாசத்தை மட்டுமே நம்பியிருக்காதீர்கள், நிறக்குருடு உள்ள பலருக்கு அது தெரியாது.

கடைசியாகச் சோதனை. கருத்தை அறியாத மூன்று பேர், ஒவ்வொருவராக. தலைப்பை மறைத்துப் படத்தை ஐந்து விநாடி காட்டி எடுத்துவிடுங்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "படத்தில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "தட்டு மேலே போச்சு, ஏணி பத்தல" என்று வந்தால் படம் தேறிவிட்டது. தலைப்பைச் சேர்த்ததும் பொருள் தானே விளங்கும். "ஒருத்தர் அலமாரி மாட்டுகிறார்" என்று வந்தால் ஆளின் கையைப் பாருங்கள். சுவரைத் தொடுகிறமாதிரி வரைந்திருப்பீர்கள். ஜாடியை நோக்கி நீட்டி, நடுவில் ஓர் இடைவெளி விடுங்கள்.