விண்வெளியில் டேட்டா சென்டர் குளிருமா? பேப்பரில் போட்டுப் பார்க்கும் கணக்கு

தரையில் டேட்டா சென்டர் சில்லர்களை, அதாவது சர்வர்களுக்கான குளிர்விப்பு இயந்திரங்களை, பார்த்துக்கொள்வது என் வேலை. "மேலேதான் அவ்வளவு குளிராச்சே, அங்கே கொண்டுபோய் வைத்தால் ஏசியே வேண்டாமே?" என்று கேட்காத ஆளில்லை. தரையில் வெப்பத்தைச் சுமந்து போக காற்றும் தண்ணீரும் இருக்கின்றன. அங்கே சுற்றிலும் வெற்றிடம், ஃபிளாஸ்கில் ஊற்றிய காபி போல சர்வர் சூடாகவே கிடக்கும். வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக விடுவது ஒன்றே வழி. அதற்கு எத்தனை சதுர மீட்டர் ரேடியேட்டர், அதாவது வெப்பத்தைக் கதிராக விடும் தகடு, வேண்டும் என்பதுதான் கணக்கு.

முதலில் மின்சுமை. 100 கிலோவாட் என்று வைப்போம். சர்வருக்குள் போகும் மின்சாரம் முழுக்க வெப்பமாகிவிடும், இதில் தள்ளுபடி கிடையாது.

அப்புறம் ரேடியேட்டரின் வெப்பநிலை. இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். செல்சியஸோடு 273 கூட்டி கெல்வினாக்குங்கள். அதன் நான்காம் அடுக்கை (அந்த எண்ணை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது) எடுத்து, 0.0000000567 என்ற ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் மாறிலியால் பெருக்குங்கள். பூச்சின் கதிர்வீச்சுத் திறனுக்காக 0.9 ஆலும் பெருக்குங்கள். 60 டிகிரியில் ஒரு பக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 627 வாட் வரும், இரு பக்கமும் சேர்ந்தால் 1255. அதே தகடு 20 டிகிரியில் இருந்தால் 750 தான்.

பூமியின் வெப்பமும் அது பிரதிபலிக்கும் வெயிலும் தகட்டில் விழும். தாழ்வான சுற்றுப்பாதையில், சூரியனுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும் தகட்டுக்கு நான் சதுர மீட்டருக்கு 150 வாட் கழிப்பேன். தகடு எங்கும் ஒரே சூடாக இருக்காது, ஆகவே மிச்சத்தை 0.85 ஆல் பெருக்குவேன். 60 டிகிரியில் 106 சதுர மீட்டர். 20 டிகிரியில் 195!

தரையில் தண்ணீரைக் குளிரக் குளிரக் கொடுத்துப் பழகிய எனக்கு இது தலைகீழ். மேலே குளிர்த்திரவம் எவ்வளவு சூடாக ஓடுகிறதோ, அவ்வளவு லாபம். சிப் 85 டிகிரி தாங்கும் என்றால் அங்கிருந்து 60 டிகிரித் தகடு வரை 25 டிகிரிதான் கையில் இருக்கிறது. கோல்ட் பிளேட் (சிப்பின் மேல் ஒட்டி வெப்பத்தைத் திரவத்துக்கு மாற்றும் தகடு), பம்ப், குழாய் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஹீட் பம்ப் (மின்சாரம் செலவழித்து வெப்பத்தை இன்னும் சூடான இடத்துக்குத் தள்ளும் இயந்திரம்) போட்டுத் தகட்டை இன்னும் சூடாக்கலாம். அது தின்னும் மின்சாரமும் வெப்பமாகி அதே தகட்டுக்குத்தான் வரும்.

சோலார் பேனலையும் பக்கத்தில் எழுதுங்கள். வெயில் சதுர மீட்டருக்கு 1361 வாட், பேனல் திறன் 30 சதவீதம் என்றால் 100 கிலோவாட்டுக்கு 245 சதுர மீட்டர். ரேடியேட்டரைவிடப் பேனல்தான் பெரிது! ஆக, இயற்பியல் குறுக்கே நிற்கவில்லை. எடைதான் இடிக்கிறது. தகடு, குழாய், திரவம் சேர்த்து சதுர மீட்டருக்கு 5 கிலோ என்றால் அந்த 106 சதுர மீட்டருக்கு அரை டன், 10 கிலோ என்றால் ஒரு டன்னுக்கு மேல். ராக்கெட் கட்டணத்தால் பெருக்கிவிட்டு, பிறகு பேசுங்கள்.

2025 நவம்பரில் ஸ்டார்கிளவுட் நிறுவனம் என்விடியா எச்100 என்ற ஏஐ சிப்பை மேலே அனுப்பியது. நல்ல தொடக்கம், ஆனால் ஒரு சிப்பின் சூடு வேறு, ஒரு கூடத்தின் சூடு வேறு. சர்வதேச விண்வெளி நிலையத்தின் அம்மோனியா ரேடியேட்டர்கள் வெளியேற்றுவதே சுமார் 70 கிலோவாட். 2013 மே மாதம் அங்கே அம்மோனியா கசிந்தபோது இரண்டு வீரர்கள் வெளியே போய் பம்ப் பெட்டியை மாற்றினார்கள். டேட்டா சென்டர் செயற்கைக்கோளில் ஆளே இருக்க மாட்டார். ஆகவே யாராவது வரைபடத்தைக் காட்டினால், ஒரு விண்துகள் குழாயைத் துளைத்தால் எத்தனை ரேக் (சர்வர் அடுக்கு) அணையும் என்று கேளுங்கள். குழாய் தனித்தனி வளையங்களாக, வால்வோடு பிரிந்திருந்தால் வரைபடத்தைத் தொடர்ந்து படிக்கலாம்.