அமெரிக்காவில் ஆட்டிசம் தெரபிக்கு இன்சூரன்ஸ் பெறுவது எப்படி? புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கு

குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி அது மனதில் இறங்குவதற்குள்ளேயே அடுத்த கேள்வி வந்துவிடும்: தெரபிக்கு யார் பணம் கட்டுவது? ஏபிஏ எனப்படும் நடத்தைப் பயிற்சியை வாரத்துக்கு 10 மணி நேரத்திலிருந்து 40 மணி நேரம் வரை பரிந்துரைப்பார்கள். சம்பளக்காரக் குடும்பம் அதைக் கைக்காசில் நெடுநாள் தாங்க முடியாது. நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிஃபோர்னியா என்று பரவியிருக்கும் நம் குடும்பங்களில் பலர் இன்சூரன்ஸுக்கு ஒரு போன் போட்டு, "கவரேஜ் இல்லை" என்று கேட்டதும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள். போனில் பேசுகிறவர் சொல்வது கடைசி முடிவு அல்ல, உங்கள் பக்கம் சட்டம் இருக்கலாம். எந்தச் சட்டம் என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

தயக்கம் ஒன்றை முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். வேலை வழியாக வந்த இன்சூரன்ஸைப் பயன்படுத்துவது அரசு உதவி வாங்குவது ஆகாது. மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு உரியதைத்தான் கேட்கிறீர்கள். விசாவை நினைத்துப் பயந்து குழந்தையின் தெரபியைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 1: அறிக்கையைச் சரியாக வாங்குங்கள்

குழந்தை வளர்ச்சி மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர், உளவியலாளர் ஆகியோரின் அறிக்கையைத்தான் பெரும்பாலான இன்சூரன்ஸ்கள் ஏற்கும். அதில் எஃப்84.0 என்ற நோய்க் குறியீடு இருக்க வேண்டும். எந்தத் தெரபி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அது ஏன் மருத்துவ ரீதியாக அவசியம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். "தெரபி செய்தால் நல்லது" என்று மட்டும் எழுதிய அறிக்கை பின்னால் காலை வாரிவிடும். மணி நேரம் குறிப்பிடாமல் இருந்தால், தயங்காமல் டாக்டரிடம் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கே பல மாதம் காத்திருக்க நேரிடும். குழந்தைக்கு 3 வயது ஆகவில்லை என்றால், அதற்குள் மாநிலத்தின் 'எர்லி இன்டர்வென்ஷன்' (சிறு வயதிலேயே உதவி தரும் திட்டம்) அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். 3 வயது முடிந்திருந்தால் உங்கள் பள்ளி மாவட்டத்துக்கு எழுதி மதிப்பீடு கேளுங்கள். இரண்டுமே ஐடியா என்ற, மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான ஃபெடரல் சட்டத்தின் கீழ் வருபவை, குழந்தையின் குடியேற்ற நிலையைப் பார்த்துத் தரப்படுபவை அல்ல.

படி 2: உங்கள் திட்டம் எந்த வகை?

மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். ஆனால் இதைக் கேட்காமலேயே பலர் அப்பீல் வரை போய்விடுகிறார்கள்.

கம்பெனி வழி இன்சூரன்ஸ் இரண்டு வகை. 'ஃபுல்லி இன்ஷூர்டு' திட்டத்தில் கம்பெனி பிரீமியம் கட்டும், சிகிச்சைச் செலவை இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்கும். இது மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 'செல்ஃப் ஃபண்டட்' திட்டத்தில் உங்கள் கம்பெனியே தன் பணத்திலிருந்து சிகிச்சைக்குக் கொடுக்கும். இன்சூரன்ஸ் நிறுவனம் கணக்குப் பார்க்கும் வேலையை மட்டும் செய்யும். இந்த வகையை எரிசா என்ற 1974-ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டம் ஆள்கிறது, மாநிலத்தின் ஆட்டிசம் சட்டம் இதைத் தொடாது. வேலை வழியாக இன்சூரன்ஸ் பெறுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த வகைதான். பெரிய ஐடி கம்பெனி என்றால் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

கார்டில் ஏட்னா என்றோ சிக்னா என்றோ அச்சிட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு வகைக்கும் ஒரே மாதிரி கார்டு வரும். டெக்சாஸில் மட்டும் ஒரு வசதி: மாநிலக் கட்டுப்பாட்டில் உள்ள திட்டம் என்றால் கார்டில் டிடிஐ அல்லது டிஓஐ என்ற எழுத்துகள் இருக்கும். மற்ற இடங்களில் எச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். இரண்டு கேள்வி போதும்: நம் திட்டம் செல்ஃப் ஃபண்டடா, ஃபுல்லி இன்ஷூர்டா? ஃபுல்லி இன்ஷூர்டு என்றால், பாலிசி எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டது? இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் நியூ ஜெர்சியில் குடியிருந்தாலும், கம்பெனியின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருந்து பாலிசி அங்கே வழங்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் அந்த மாநிலச் சட்டம்தான் பேசும்.

அதே மின்னஞ்சலில் எஸ்பிடி எனப்படும் முழுத் திட்ட ஆவணத்தையும் கேளுங்கள். நான்கைந்து பக்கச் சுருக்கத்தை அனுப்பினால் அது போதாது என்று சொல்லுங்கள். எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது எரிசா விதி.

படி 3: உங்களுக்கான சட்டத்தைப் படியுங்கள்

ஃபுல்லி இன்ஷூர்டு என்றால் மாநிலச் சட்டம். இதில் முன்னால் போன மாநிலம் இண்டியானா, 2001-இல். 2007-இல் தென் கரோலினாவும் டெக்சாஸும், 2008-இல் பென்சில்வேனியாவும், 2009-இல் நியூ ஜெர்சியும் வந்தன. 2019-க்குள் 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. இவற்றில் பலவும் பெற்றோர்கள் சட்டமன்றப் படியேறிக் குழந்தைகளைப் பற்றிப் பேசியதால் வந்தவை. நாம் இன்று கேட்கும் ஒவ்வொரு மணி நேரத் தெரபிக்கும் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பென்சில்வேனியாவின் ஆக்ட் 62 சட்டம் 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் திட்டங்களுக்கு, 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. டெக்சாஸில் 10-வது பிறந்தநாளுக்கு முன் ஆட்டிசம் கண்டறியப்பட்டிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் எஸ்பி 946 என்ற சட்டம் 2012 ஜூலையிலிருந்து ஏபிஏவைக் கட்டாயமாக்கியது. 2021-இல் நடைமுறைக்கு வந்த எஸ்பி 855 இன்னும் பலமானது. ஆட்டிசம் மட்டுமல்ல, அங்கீகரிக்கப்பட்ட எல்லா மனநல நிலைகளுக்கும், போதைப் பழக்கத்துக்கும் மருத்துவ ரீதியாக அவசியமான சிகிச்சையைத் தர வேண்டும் என்கிறது. நெட்வொர்க்கில், அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் செய்த மருத்துவர்கள், மையங்களின் பட்டியலில், உரிய நேரத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால், வெளியே உள்ளவரைத் திட்டமே ஏற்பாடு செய்ய வேண்டும், உங்கள் பங்கு நெட்வொர்க் கட்டணம்தான். என் கணிப்பில் பெற்றோருக்கு மிக உதவியான மாநிலச் சட்டங்களில் இது ஒன்று.

செல்ஃப் ஃபண்டட் என்றால்? 2008-இல் வந்த ஃபெடரல் மனநலச் சமத்துவச் சட்டம்தான் உங்கள் பிடி. எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த பால் வெல்ஸ்டோன், பீட் டொமெனிச்சி என்ற இரு செனட்டர்களின் பெயரைத் தாங்கியது. இருவர் குடும்பத்திலும் மனநோயோடு போராடியவர்கள் இருந்தார்கள். சட்டம் சொல்வது இதுதான்: திட்டம் மனநலத்துக்கு இடம் கொடுத்தால், உடல்நோய்க்கு இல்லாத கெடுபிடியை அதற்கு மட்டும் வைக்கக் கூடாது. கோபே (ஒவ்வொரு வருகைக்கும் நீங்கள் கட்டும் தொகை), வருகை எண்ணிக்கை, முன் அனுமதி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆட்டிசத்துக்குச் சிகிச்சை தரும் ஒரு செல்ஃப் ஃபண்டட் திட்டம் ஏபிஏவை மட்டும் விலக்கியது இந்தச் சட்டத்துக்கு எதிரானது என்று கலிஃபோர்னியாவில் ஒரு ஃபெடரல் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது.

படி 4: போன் போடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள்

தெரபி மையத்துக்குப் போகும் முன்பே இன்சூரன்ஸைக் கூப்பிடுங்கள். "ஏபிஏ கவர் ஆகுமா?" என்று மொட்டையாகக் கேட்காமல், குறியீட்டோடு கேளுங்கள்: எஃப்84.0 நோய்க்கு 97151 (மதிப்பீடு), 97153 (நேரடித் தெரபி), 97155 (மேற்பார்வையாளர் திட்டத்தைத் திருத்துவது), 97156 (பெற்றோர் பயிற்சி) ஆகியவை உண்டா? முன் அனுமதி வேண்டுமா? டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) போக எங்கள் பங்கு எவ்வளவு? பேச்சுப் பயிற்சிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் வருட வரம்பு உண்டா? பேசியவர் பெயர், தேதி, அழைப்பு எண் மூன்றையும் எழுதி வையுங்கள்.

ஏபிஏ வேண்டுமா என்பது குடும்பம் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. ஆட்டிசத்தோடு வளர்ந்த பெரியவர்கள் பலர் அதைக் கடுமையாக விமர்சிக்கிறார்கள், அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். நீங்கள் வேறு தெரபியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் படிகள் அப்படியே பொருந்தும்.

படி 5: முன் அனுமதி

இதைத் தெரபி மையமே அனுப்பும். பிசிபிஏ என்ற தகுதி பெற்ற மேற்பார்வையாளர் குழந்தையை மதிப்பிட்டு, இலக்குகளோடு திட்டம் எழுதுவார். அனுப்பும் முன் ஒரு பிரதி வாங்கிப் படியுங்கள். அனுமதி பெரும்பாலும் 6 மாதத்துக்குத்தான் வரும், முடிவுத் தேதியை காலண்டரில் போட்டுவிடுங்கள்.

படி 6: மறுத்தால்

மறுப்பு எழுத்தில் வர வேண்டும், காரணமும் அதில் இருக்க வேண்டும். அந்தக் காரணத்துக்குத்தான் பதில் எழுத வேண்டும், குழந்தையின் கதை முழுவதையும் அல்ல. 'மருத்துவ ரீதியாக அவசியமில்லை' என்றால் எந்த அளவுகோலை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்டு, உங்கள் கோப்பின் முழு நகலையும் வாங்குங்கள். அது இலவசம். டாக்டரிடம் அந்த அளவுகோலுக்கு வரிக்கு வரி பதில் எழுதித் தரச் சொல்லுங்கள். 'இது பள்ளியின் வேலை' என்றால், பள்ளியின் கடமை வேறு, காப்பீட்டின் கடமை வேறு என்று பல மாநிலச் சட்டங்களிலேயே இருக்கிறது. அந்தப் பிரிவை எடுத்து எழுதுங்கள். 'திட்டத்தில் விலக்கு' என்றால் சமத்துவச் சட்டத்தைக் காட்டி, முன் அனுமதி, விலக்கு போன்ற கட்டுப்பாடுகளை மனநலத்துக்கும் உடல்நோய்க்கும் ஒப்பிட்டுத் திட்டம் எழுதி வைத்த ஆய்வைக் கேளுங்கள். 2021-இலிருந்து திட்டங்கள் அதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

கெடுவைத் தவறவிடாதீர்கள். உள் அப்பீலுக்கு 180 நாள். இன்னும் தொடங்காத சிகிச்சை என்றால் 30 நாளுக்குள்ளும், அவசரம் என்றால் 72 மணி நேரத்துக்குள்ளும் பதில் வர வேண்டும். அதிலும் மறுத்தால், பொதுவாக 4 மாதத்துக்குள் வெளி மதிப்பாய்வு கேட்கலாம். இன்சூரன்ஸுக்குச் சம்பந்தமில்லாத மருத்துவர் பார்ப்பார், அவர் தீர்ப்பு இன்சூரன்ஸைக் கட்டுப்படுத்தும். மருத்துவத் தேவை குறித்த மறுப்பு என்றால் செல்ஃப் ஃபண்டட் திட்டத்துக்கும் இது உண்டு. இதோடு, ஃபுல்லி இன்ஷூர்டு என்றால் மாநில இன்சூரன்ஸ் துறையிடமும் (கலிஃபோர்னியாவில் பெரும்பாலான திட்டங்களுக்கு நிர்வகிக்கப்பட்ட மருத்துவத் துறையிடம்), செல்ஃப் ஃபண்டட் என்றால் ஃபெடரல் தொழிலாளர் துறையின் எப்சா பிரிவிடமும் புகார் கொடுக்கலாம். எப்சாவின் இலவச எண் 1-866-444-3272. உங்கள் கம்பெனியோடு அவர்களே பேசுவார்கள்.

படி 7: கம்பெனித் திட்டம் அசையவே இல்லை என்றால்

செல்ஃப் ஃபண்டட் திட்டத்தில் என்ன சேர்ப்பது என்று முடிவு செய்வது கம்பெனிதான். எனவே எச்ஆரின் பெனிஃபிட்ஸ் பிரிவுக்கு எழுதுங்கள். உங்களைப் போன்ற பெற்றோர் அங்கே வேறு யாராவது கட்டாயம் இருப்பார்கள், சேர்ந்து கேளுங்கள். அடுத்த வருடத் திட்டத்தைக் கம்பெனிகள் கோடையிலேயே பேச ஆரம்பித்துவிடும், ஓபன் என்ரோல்மென்ட் (வருடாந்திரத் திட்டத் தேர்வுக் காலம்) வரும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும்.

இன்னொரு வழி, குழந்தைக்கு மட்டும் மார்க்கெட்ப்ளேஸில் (தனிநபர் இன்சூரன்ஸ் வாங்கும் அரசுச் சந்தை) தனித் திட்டம் வாங்குவது. தனிநபர் திட்டங்கள் மாநிலக் கட்டுப்பாட்டில் வருபவை. எச்4 விசாவில் (எச்1பி விசாவில் வேலை செய்கிறவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் குழந்தைக்கும் வாங்கலாம். மானியம் கிடைக்காமல் போகலாம், முழு பிரீமியத்தையும் நீங்களே கட்ட நேரிடும். அப்படியும் பல குடும்பங்களுக்குத் தெரபிச் செலவைவிட அது மிகக் குறைவாகவே வரும். நவம்பர் 1-இல் பதிவு திறக்கும். பணம் கட்டும் முன், நீங்கள் மனதில் வைத்திருக்கும் தெரபி மையம் அந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறதா, புதிய குழந்தைகளைச் சேர்க்கிறார்களா என்று மையத்துக்கே நேரடியாகப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.